பங்காளிப் பகையும் பங்கில்லாதவர்களும்

பாரதம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பெரியப்பன் பிள்ளைகள் ஒரு பக்கம், சித்தப்பன் பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் நிலம். ஐந்து ஊர் கேட்டார்கள், ஐந்து வீடாவது கொடு என்றார்கள், ஊசி முனை ஊன்றும் இடம்கூடக் கிடையாது என்றான் பெரியவன் மகன். அப்புறம் பதினெட்டு நாள் வெட்டிக்கொண்டு செத்தார்கள். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில் இந்த வழக்கைத்தான் கோடைக்குக் கோடை பிரசங்கம் வைத்து, கூத்துக் கட்டி, தீ மிதித்துக் கொண்டாடுகிறார்கள். படுகளத்தன்று மண்ணால் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். தொடையில் இருந்து ரத்தம் எடுத்துப் பூசித்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். நான் ரெட்டியார்பாளையத்தில் பிறந்தவன், அந்த ரோட்டு ஓரத்திலேயே வளர்ந்தவன். நாங்கள் கிறிஸ்தவர்கள். இருந்தும் பாதிரியாருக்குத் தெரியாமல் போய் விடிய விடியக் கூத்து பார்த்திருக்கிறேன், ஒதுங்கி உட்கார்ந்துதான். பறை அடிக்கிறவர்கள் எங்கள் ஆட்கள். அடிக்கிறவர்களுக்கு ஒரு இடம், பார்க்கிறவர்களுக்கு ஒரு இடம்.

அந்தக் கதையில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அரக்கு மாளிகை எரிந்ததே, அதில் செத்தது யார்?

பாண்டவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பிப் போய்விட்டார்கள். மறுநாள் ஊரார் சாம்பலைக் கிளறியபோது ஆறு பிணம் கிடந்தது. ஒரு தாய், ஐந்து பிள்ளைகள். அதைப் பார்த்துத்தான் குந்தியும் பாண்டவர்களும் செத்தார்கள் என்று அஸ்தினாபுரம் நம்பியது. அந்த ஆறு பேரும் நிஷாதர்கள், காட்டு ஜனங்கள். குந்தி போட்ட விருந்துக்குச் சாப்பிட வந்தவர்கள், குடித்துவிட்டு அங்கேயே தூங்கிவிட்டார்கள். வியாச பாரதத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. அவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களுக்காக யாரும் கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்யவில்லை. ராஜ்யத்தில் அவர்களுக்கு ஒரு சாண் பங்கும் இல்லை. அடுத்தவன் பாகப்பிரிவினையில் ஆறு உயிர், பிணக்கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

கடோத்கஜனும் அப்படித்தான். இடும்பி மகன். கர்ணன் அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்த சக்தி ஆயுதம் அவன் மேல் செலவானதும் கண்ணன் சந்தோஷத்தில் கூத்தாடியதாக எழுதியிருக்கிறது. அரவானைக் களபலி கொடுத்தார்கள், அவன் நாககன்னி பெற்ற பிள்ளை. பங்காளிகள் இரண்டு பக்கமும் தூய குலம். களத்தில் முதலில் வெட்டுப்படுவது மட்டும் காட்டுக்காரி பிள்ளை.

இது என்ன புராண ஆராய்ச்சி என்று கேட்கலாம். தேவர் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 தீபாவளிக்கு வந்த படம். அண்ணன் தம்பி வம்சத்துப் பகை, பெரிய தேவர் ஒரு வீடு, மாயத் தேவர் ஒரு வீடு. கோயில் பூட்டைத் திறக்கச் சொன்னது சின்ன எசமான் சக்தி. திறந்தவன் இசக்கி. கை போனது இசக்கிக்கு. படம் முழுக்கப் பங்காளிகள் ஒருவரையொருவர் முறைக்கிறார்கள், தமிழ்நாடே கண்ணீர் விட்டது, தேசிய விருதுகளும் கொடுத்தார்கள். வெட்டுப்பட்ட கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த இசக்கியை நினைத்துத்தான் மாமன்னன் எடுத்தேன் என்று மாரி செல்வராஜ் 2023இல் சொன்னபோது எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! முப்பத்தோரு வருஷம் கழித்து ஒருவன் அந்தக் கையைத் தேடிப் போனது அவ்வளவு பெரிய குற்றமாகிவிட்டது.

நிலம் உள்ளவன் வீட்டுக்குள் வெட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் பகை. அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. காவியம் உண்டு, கோயில் உண்டு. நம்மை வெட்டினால் அதற்குப் பெயர் கலவரம். 1978 ஜூலையில் இதே ரோட்டின் அந்த முனையில், விழுப்புரத்தில், 12 தலித்துகளைக் கொன்றார்களே, அதைக் 'கலவரம்' என்றுதான் எழுதினார்கள், இன்றைக்கும் எழுதுகிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அது நிஜ அரக்கு மாளிகை. இவ்வளவு நிலபுலனும் காரும் உள்ள கனவான்கள் தாங்களே நடந்து போய்க் கொளுத்தியிருப்பார்களா என்று உயர்நீதிமன்றம் சந்தேகப்பட்டு விடுதலை செய்தது. சொத்தே அங்கே சாட்சி சொன்னது. 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடுவை வெட்டினார்கள். அந்த ஒரு கொலையைப் பற்றி வந்த ஒழுக்க போதனைகளை எல்லாம் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம்.

இதுவரைக்கும் சொன்னது நம் மேடைகளில் வழக்கமாகப் பேசுவதுதான். இனிமேல் சொல்லப் போவதைத் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும், ஏனென்றால் திட்டு நம் வீட்டுக்குள் விழப் போகிறது.

பங்காளிப் பகை நமக்குக் கிடையாது, பங்கு போட நமக்கு என்ன இருந்தது என்று ஒரு தோழர் கூட்டத்தில் கேட்டார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இருந்தது. கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் இருந்தது. புதுச்சேரியில் அது வந்த கதை வேறு மாதிரி.

பிரெஞ்சுக்காரன் 1789இல் சமத்துவம் பேசியவன் என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதே பிரெஞ்சுக்காரன் 1819 ஜனவரியில் புதுச்சேரியில் போட்ட ஆணை என்ன? இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படிதான் நீதி. 1827இல் அந்த வழக்கம் எது என்று கோர்ட்டுக்குச் சொல்ல ஒரு ஆலோசனைக் குழுவும் வைத்தான். சாதிப் பெரியவர்கள் உட்கார்ந்து, தத்து செல்லுமா, விதவைக்கு என்ன உண்டு, மகளுக்கு என்ன கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். சேரிக்காரன் வழக்கத்தையும் அவர்களே சொன்னார்கள். கிறிஸ்தவனாக மாறினாலும் சாதி வழக்கம் கூடவே வந்தது. கோயிலுக்குள்ளேயே பறையரைப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745இல் அதை இடித்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் பண்ணிய ரகளையையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கர்த்தர் முன்னாலேயே சுவர் என்றால் கோர்ட் முன்னால் கேட்க வேண்டுமா.

1881 செப்டம்பர் 21இல் ஒரு ஆணை வந்தது. இந்தியர் யார் வேண்டுமானாலும் தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அதிகாரி முன்னால் கையெழுத்து, ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். இப்படித் துறந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. வக்கீல், வெள்ளாளக் கிறிஸ்தவர், 1873இல் கோர்ட்டுக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் வழக்கில் மாட்டி, பாரீஸ் வரைக்கும் போய் ஜெயித்தவர். லா போர்த், கதவு, என்று பெயர் வைத்துக்கொண்டார். (அவர் பூட்ஸுக்கு வரலாறு உண்டு. நம் தாத்தாக்கள் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததற்கு ஒரு பக்கமும் கிடையாது.) ஆனால் அந்தக் கதவு வழியாகக் கூட்டம் கூட்டமாக நுழைந்தவர்களில் கணிசமானவர்கள் தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள். உயர்சாதித் தரப்புக்கு இது பொறுக்கவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: வெள்ளைக்காரன் தனி, துறந்தவன் தனி, துறக்காதவன் தனி. சாதியைத் துறந்தால் அதற்கும் ஒரு சேரி கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் இன்னொரு பக்கம். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் செத்தவன் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். மூத்தவன் இளையவன் கிடையாது, ஆண் பெண் கிடையாது. உயில் எழுதியும் ஒரு பிள்ளையைத் துரத்த முடியாது. மூன்று பிள்ளை இருந்தால் நாலில் மூன்று பங்கை அப்பன் தொடவே முடியாது, அது பிள்ளைகளுக்கு. இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஒரு பார்ப்பனக் குடும்பத்து மகளுக்கு அப்பன் சொத்தில் மகனோடு சேர்ந்து பங்கு என்று சட்டம் வந்தது 1956இல். உழவர்கரைச் சேரியில் கையெழுத்துப் போட்ட ஒரு பறையனின் மகளுக்கு அது 1881லேயே வந்துவிட்டது. எழுபத்தைந்து வருஷம் முன்னால். இந்து வாரிசுச் சட்டத்தை 1963இல் புதுச்சேரிக்கு நீட்டியபோதும் ரெனோன்சான்களுக்கு இது செல்லாது என்று விதிவிலக்குப் போட்டார்கள்.

சட்டம் வந்தது. நிலம் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலம் போனால் பிரிட்டிஷ்காரன் சீமை. அங்கே செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் பறையர்கள் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, 1892இல் ஆணை வந்து, பஞ்சமி நிலம் என்று கொடுத்தார்கள். 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறமும் நம் ஆளுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. அதையும் தின்றுவிட்டார்கள். திருப்பிக் கொடு என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு, காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பிரெஞ்சுச் சீமையில் இருந்த நமக்கு அந்தப் பஞ்சமி நிலமும் கிடையாது. ஒரு ஒழுங்கையைத் தாண்டினால் நிலம் உண்டு, மகளுக்குப் பங்கு இல்லை. இந்தப் பக்கம் வந்தால் மகளுக்குப் பங்கு உண்டு, நிலம் இல்லை.

எங்களுக்கு நிலம் கொடுத்தது சண்டை. என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவர். யாரோ ஒருவன் நாட்டை யாரோ ஒருவன் பிடித்து வைத்துக்கொள்ள நம் ஆள் போய்ச் சுட்டான் என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, வியத்நாமியர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் அது. ஆனால் அவரை அங்கே துரத்தியது ரெட்டியார்பாளையத்துப் பண்ணை. பண்ணையாளாக இருந்தவரை, மாட்டைக் கிணற்று மேட்டில் ஓய விட்டார் என்று மரத்தில் கட்டினார்களாம். அன்றைக்கு ராத்திரி ஊரைவிட்டுப் போனவர் பட்டாளத்தில்தான் போய் நின்றார். தியென் பியென் பூ விழுவதற்கு முந்தின வருஷம், 1953இல், பான்சியோனோடு திரும்பி வந்தார். கட்டி வைத்த மரம் இருந்த நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை வாங்கினார். ஒன்றரைக் காணி, நூற்றைம்பது குழி. ஒரு கிணறு, பதினேழு தென்னை. நொத்தேர் முன்னால் பத்திரம் எழுதும்போது பேனாவைத் தொட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தாராம், மை ஒட்டவேயில்லை என்றாலும்.

1962இல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. நிலத்தை விட்டுட்டு எங்க போறது என்றார். பெரியப்பா இதைச் சொல்லிச் சொல்லியே செத்தார், இந்தக் கெழவன் ஒரு கையெழுத்து போட்டிருந்தா நான் பாரீசுல இருந்திருப்பேன் என்று.

தாத்தா 1974இல் இறந்தார். ஆயா அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. பிள்ளைகள் மூன்று பேர்: பெரியப்பா, அத்தை, என் அப்பா. குடும்பம் ரெனோன்சான் குடும்பம், தாத்தாவின் தாத்தா காலத்துக் கையெழுத்து. ஆளுக்கு ஐம்பது குழி என்று சட்டம் சொல்கிறது. காரியம் முடிந்த அன்றைக்கே பெரியப்பாவும் அப்பாவும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஜென்மத்தில் அவர்கள் ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்கு மட்டும்தான். எதற்கு? 'பொட்டச்சிக்கு இன்னா பங்கு, சீர் செஞ்சி அனுப்பியாச்சில்ல.'

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? சிவில் சட்டத்தில் இல்லை. சேரியின் வழக்கமா? நம் பெண்கள் ஆணோடு சமமாகக் கழனியில் இறங்கிக் கூலி வாங்கியவர்கள், சீர் செய்து அனுப்பும் அளவுக்கு நமக்கு எப்போது வசதி இருந்தது? அது தெருக்காரன் வாக்கியம். மரத்தில் கட்டினவன் வீட்டுத் திண்ணையில் கேட்ட வாக்கியம். நிலத்தை வாங்கும்போது கூடவே அதையும் வாங்கி வந்துவிட்டோம்.

அத்தை விடவில்லை. எத்தா சிவிலில் போய் மூன்று பேர் பிறப்புப் பதிவையும் எடுத்து வந்து வைத்தது. அதற்குள் அண்ணன் தம்பிக்குள் கிணற்றுத் தண்ணீருக்குச் சண்டை. ஒரு நாள் விடியும்போது தென்னையில் ஆறு மரம் குருத்து வெட்டிக் கிடந்தது. மறுவாரம் கிணற்றுக்குள் மண்ணெண்ணெய். அப்பாவின் தோளில் அரிவாள் இறங்கியது அந்த மாசிப் பௌர்ணமிக்கு, வலது தோள், கடைசிவரை அந்தக் கையை முழுசாகத் தூக்க முடியாது அவரால். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியப்பா வாசலில் மண் வாரித் தூற்றினாள். அம்மாவைச் சமாதானம் பண்ண வந்த எங்கள் தெருப் பெரியவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. 'பரவால்ல, நம்மளும் நெலக்காரன் மாரி சண்ட போட ஆரம்பிச்சிட்டோம்.' அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது.

அரிவாள் கேசில் ஜாமீனுக்குப் பெரியப்பாவுக்குப் பணம் வேண்டும். தன் பங்கை முழுசாக விற்றார். யாருக்கு? பக்கத்து நிலத்துக்காரருக்கு. பெயர் வேண்டாம். தாத்தாவைக் கட்டிய மரம் யார் நிலத்தில் இருந்ததோ அவர் மகனுக்கு. அதுதான் பெரியப்பாவின் பழி. 'எனக்கு இல்லன்னா அவனும் தின்னக் கூடாது.' பத்திரம் முடிந்த அன்று சாராயம் வாங்கிக் கொடுத்தார் என்கிறார்கள்.

இங்கே சட்டம் எங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்து வைத்திருந்தது. இதைப் பல வருஷம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டபோது இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. பழைய சிவில் சட்டத்தில் 841ஆம் பிரிவு என்று ஒன்று. கூட்டு வாரிசுகளில் ஒருவன் தன் வாரிசுரிமையை அந்நியனுக்கு விற்றுவிட்டால், மற்ற வாரிசுகளில் யாராவது ஒருவர் அவன் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்து அந்த அந்நியனை வெளியே நிறுத்தலாம். ஒருவர் கொடுத்தாலே போதும். அத்தைக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா இதைச் சொல்லியிருக்கிறார். அது ஓடி வந்து தன் காசுமாலையையும் வளையல்களையும் கழற்றி அப்பா முன்னால் வைத்தது. 'தம்பி, ஒன் பக்கம் மாட்ட வித்து போடு, அவன வெளிய தள்ளிட்லாம், அப்புறமா நம்ம சண்ட போட்டுக்கலாம்டா.' அப்பா அந்த மூட்டையைக் காலால் தள்ளினார். பெண்டாட்டி தாலி அறுந்தாலும் அக்கா நகையில் நிலம் மீட்க மாட்டேன் என்றார். மாட்டை விற்றார். விற்ற பணம் பெரியப்பா மேல் இன்னொரு கேஸ் போடப் போனது. அண்ணன் மேல் இருந்த வெறுப்பில், தாத்தாவைக் கட்டிவைத்தவன் மகன் உள்ளே நுழைந்ததை அவர் கண்டுகொள்ளவேயில்லை.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பாகம் பிரிக்காமல் சேர்ந்திரு என்று எந்த வாரிசையும் கட்டாயப்படுத்த முடியாது, அதுவும் அதே சட்டம்தான். அவர் பாகம் கேட்டுக் கேஸ் போட்டார். கிணறு ஒன்று, வழி ஒன்று, வசதியாகப் பிரிக்க முடியாது, ஏலம் விடு என்று ஆனது. ஏலத்தில் கையில் காசோடு நின்றவர் அவர் ஒருவர்தான். அப்பா பங்குக்கு வந்தது வக்கீலுக்குச் சரியாகப் போனது. ஆணும் ஆணும் பழி வாங்கிக்கொண்டார்கள், ஒன்றரைக் காணி முப்பது வருஷம்கூட எங்களிடம் நிற்கவில்லை. இன்றைக்கு அங்கே மனைகள், ஒரு கல்யாண மண்டபம். தென்னையில் ஒன்று இருக்கிறது, மண்டபத்துக் கார் நிறுத்தும் இடத்தில், சீரியல் பல்பு சுற்றி.

எங்கள் வீட்டுக் கதையை ஏன் இங்கே இழுக்கிறேன்? இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதால். இதைப் படிக்கிற தோழர்களில் எத்தனை பேர் ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், இரண்டு சென்ட் தொகுப்பு வீட்டு மனைக்காக? அந்த இரண்டு சென்ட்டில் தங்கச்சிக்கு என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? பஞ்சமி நிலத்தை மீட்போம் என்று கோஷம் போடுகிறோம். மீட்டால் பட்டா யார் பெயரில் போடுவது என்று ஒரு மாநாட்டிலாவது விவாதித்திருக்கிறோமா? அண்ணல் அம்பேத்கர் 1951 செப்டம்பரில் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்தார். சொன்ன காரணங்களில் பெரிய காரணம் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டது. அந்த மசோதாவின் உயிர் மகளுக்குப் பங்கு. அவர் படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டு தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? 'அக்கா தங்கச்சி அன்பா விட்டுக் குடுத்தாங்க' என்று சொல்வான். பிறந்த வீட்டு வாசலை மூடிவிடுவான் என்ற பயத்துக்குப் பெயர் அன்பு.

'ஆண்டபரம்பரை' வியாதி என்று மற்ற சாதிக்காரர்களைக் கிண்டல் பண்ணுகிறோம். அருவாளைப் பெருமையாகப் பாடுகிற பாட்டு நம் பையன்களின் போனிலும் ஓடுகிறது. வெக்கையை 1982இல் பூமணி எழுதினார், சாதியின் பெயரையே சொல்லாமல், நிலத்துக்காக அண்ணனைக் கொன்றவனைத் தம்பி வெட்டிவிட்டு அப்பனோடு காட்டில் அலைகிற கதை. அது 2019இல் அசுரன் என்று படமானபோது நானும் அழுதேன். ஆனால் அந்தப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்த பையன்கள் இரண்டு விஷயத்தைத்தான் எடுத்து வந்தார்கள். ஒன்று, வெட்டு. இன்னொன்று, நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஆகவே படி என்ற அப்பனின் புத்தி. படிப்பு வேண்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் நிலம் போனால் போகிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள எப்போது கற்றோம்? நிலத்துக்காரன் வீட்டுப் பிள்ளையும்தான் படிக்கிறான், அவன் நிலத்தை விட்டுவிட்டா படிக்கிறான்? வெட்டும் வேண்டாம், விட்டுக்கொடுத்தலும் வேண்டாம், 841ஆம் பிரிவைத் தெரிந்துகொண்டு ஓடி வந்த ஒரு பெண்ணின் புத்தி வேண்டும். அது படத்துக்கு ஆகாது. ஒரு பெண் நகையை மூட்டை கட்டிக்கொண்டு வெயிலில் நடப்பதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவான்.

பெண் பங்கு கேட்டால் குடும்பம் உடையும், இருக்கிற துண்டு நிலமும் துண்டாகும் என்று ஒரு வாதம் உண்டு, நம் பக்கத்துப் படித்தவர்களே பேசுகிறார்கள். எங்கள் நிலத்தைத் துண்டாக்கியது யார்? பங்கு கேட்ட அத்தையா, பங்கு கொடுக்காத ஆண்களா? ஒரே ஒரு தடவை அதை முழுசாக நிறுத்தி வைத்துக்கொள்ள வழி வந்தது. அந்த வழியைக் கொண்டுவந்தது அத்தை.

அதே விழுப்புரம் ரோட்டில் கோலியனூர் பக்கத்தில் மேல்பாதி. அங்கே தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரல் திருவிழாவில் உள்ளே போன நம் பிள்ளைகளை அடித்தார்கள். அறநிலையத்துறைக் கோயில், எல்லாருக்கும் பொது. பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்து, ஜூன் 7 அன்று அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவில் பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்துவிட்டு வரத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு நம் ஆட்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அப்போதும் அது எங்கள் பாட்டன் கட்டியது, எங்கள் பரம்பரைச் சொத்து என்றுதான் எதிர்த்தரப்பு பேசியது. பங்கு கேட்டுச் சபையில் நின்றவளின் கோயில் அது! நம் தோழர்கள் அதற்காக ஊர்வலம் போனார்கள், நானும் போனேன். வண்டியில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த இளம் தோழர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். தங்கச்சி புருஷன் மனையில் பங்கு கேட்கிறானாம், 'வெட்டிடுவேன்னு சொல்லு' என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, 'குடும்ப விஷயம் தோழர்' என்றார்.

அத்தைக்கு இப்போது எண்பதுக்கு மேல். முத்திரைப்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறது. ஏலத்தில் அதன் பங்குக்கு வந்த தொகையை அது செலவழிக்கவில்லை, அதில் ஒரு மனை வாங்கியது, எண்ணி ஏழு குழி. போன மாதம் போயிருந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தைக் காட்டியது. நாலு பிள்ளைகள் பெயரும் எழுதியிருக்கிறது, இரண்டு மகன், இரண்டு மகள், நாலும் சமம். சின்ன மகன் ஒரு வருஷமாகப் பேசுவதில்லையாம்.

'பேசாட்டி போறான். அவன் பங்கையும் சேத்துதான் எழுதிருக்கறேன்' என்று சொல்லிவிட்டு, பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தது. காசுமாலை. அன்றைக்கு அப்பா தள்ளிவிட்டதில் இரண்டு காசு கழன்று போயிருந்தது. அதைக் கடைசிவரை ஒட்ட வைக்கவேயில்லை.